நியூகினித் தீவின் ஆராய்ச்சியும் தாய்மொழி அறிவும்

உலகிலுள்ள தீவுகளுள் கிறீன்லாந்துக்கு அடுத்தபடியாகப் பரப்பிற் பெரியது நியூகினி. அதன் மேற்குப் பாதி இந்தோனேசியாவுக்கு உரியது. கிழக்குப் பாதி, 1975ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஆட்சியினின்று விடுதலை பெற்ற பப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்தது. 99 தாவரவியலார் ஒருங்குகூடி ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, பாசியினங்கள் நீங்கலாக அத்தீவில் 13,634 வகைத் தாவரங்கள் உள. அவற்றுள் நூற்றுக்கு 68 பங்கு பூமியில் வேறெங்கணும் காணப்படாதவை. தாவர வகையில் இதற்கு ஈடான தீவு பிறிதொன்றில்லை. இனி, பப்புவா நியூகினியில் மட்டும் 800க்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. இவ்விரு செல்வங்களுள் ஒன்றை உயிரியலாரும் மற்றொன்றை மொழிநூலாருமாகப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் வேலிக்குள் மற்றவர் எட்டிப் பாராமலே நெடுங்காலம் ஆராய்ந்து வந்தனர். இப்பாகுபாடு பிழையென்பதும், அம்மொழிகள் அழியுமாயின் அக்காடுகளைப் பற்றிய அறிவிற் பெரும்பகுதி உடன் அழியும் என்பதும் என் துணிபு.

ஏர்ன்ஸ்ற் மாயர் என்னும் ஜேர்மானியப் பறவையியலார் 1928ஆம் ஆண்டில் அத்தீவின் மேற்கிலுள்ள ஆர்வாக் மலைகளுக்குச் சென்றார். தாம் பெரிய நூதனசாலைகளிற் பயின்ற முறைப்படி அங்கு 137 பறவை இனங்களைப் பிரித்தறிந்தார். எழுத்தறியாத மலைவாணரோ அப்பறவைகளுக்கு 136 பெயர் வழங்கினர். விஞ்ஞானி இரண்டாகக் கண்ட ஒன்றை மாத்திரமே அவர்கள் ஒன்றாகக் கொண்டிருந்தனர்.

இவ்வளவில் நின்றுவிடுவோரே பலர். காட்டில் வாழ்வோரும் நம்மைப் போலவே எண்ணுகின்றனர் என்று வியந்து பாராட்டிவிட்டு அப்பாற் செல்வர். அவர்கள் நம்மைப் போல எண்ணாத இடத்திலேதான் ஆராய்ச்சி சுவை பெறுகின்றது. மேனிலப் பகுதியிலுள்ள கலாம் மக்களிடையே பல்லாண்டு தங்கிய மானிடவியலார் றால்ப் புல்மர், காசோவரி ஏன் பறவையன்று என்னும் வினாவையே தலைப்பாக்கி 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். காசோவரி தீக்கோழியை ஒத்த, பறக்கமாட்டாப் பெரும் பறவை. கலாம் மக்கள் பறப்பனவற்றை எல்லாம், வௌவால் உட்பட, 'யக்த்' என்னும் ஒரு பெயரால் அழைப்பர். காசோவரிக்கு அவ்வகுப்பில் இடமில்லை. பறவாமையும் பருமையும் அதற்குக் காரணமாகலாம். எனினும் புல்மர் கண்ட விடை அதனினும் ஆழமானது. கலாம் மக்கள் காசோவரியைத் தம் உறவுமுறையிற் சேர்த்து எண்ணுகின்றனர். அதனை வேட்டையாடுவோன் இரத்தம் சிந்துமாறு கொல்லலாகாது. வேட்டையின்போது வழக்கமான சொற்களை விடுத்து வேறொரு சொற்றொகுதியாற் பேசவேண்டும். இவ்விலங்கின் வகுப்பை அறிய விரும்புவோன் அச்சமூகத்தின் உறவுமுறையையும் தோட்டத்தையும் காட்டையும் அறிந்தாலன்றி இயலாது. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுத்த தொல்காப்பிய மரபியலைக் கற்பிக்கும் எம்மனோர்க்கு இது வியப்பன்று.

புல்மரிடம் நான் பெரிதும் மதிப்பது பிறிதொன்று. அவருக்கு உதவியாளனாக இளமையிற் சேர்ந்தவர் சயிம் மஜ்நெப் என்னும் கலாம் இளைஞர். அக்காலத்து வழக்கப்படி அவர் பெயர் முன்னுரையின் கடைசி வரியில் நன்றியோடு மறைந்திருக்க வேண்டும். மாறாக, 1977இல் கலாம் நாட்டுப் பறவைகளைப் பற்றிய நூல் வெளிவந்தபோது மஜ்நெப் அதன் முதல் ஆசிரியராக நின்றார்; அவர் கூற்றும் புல்மர் கூற்றும் வேறுவேறு அச்செழுத்திற் பதிக்கப்பட்டன. யார் அறிவு எது என்பது வாசகனுக்கு ஒளிவு மறைவின்றித் தெரிந்தது. பிற்காலத்தில் பப்புவா நியூகினிப் பல்கலைக்கழகம் மஜ்நெப்புக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது.

அந்நூலில் ஒரு பறவையின் தோல் கசக்கும் என்னும் குறிப்பு உண்டு. அதனை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. 1990ஐ ஒட்டிய காலத்தில் ஜாக் டம்பாக்கர் என்னும் அமெரிக்க மாணவர் சுவர்க்கப் பறவைகளைப் பிடிக்க வலை கட்டினார். அவ்வலையிற் சிக்கிய பிட்டோகுய் என்னும் செம்மஞ்சளும் கறுப்புமான பறவை அவர் கையைக் கீறிற்று. காயத்தை வாயில் வைத்தபோது வாய் விறைத்தது. ஊராரை வினவினார். அது குப்பைப் பறவை, தோலை உரித்தாலன்றி உண்ணலாகாது என்றனர். 1992இல் வெளியான இரசாயன ஆய்வு, தென்னமெரிக்க நச்சுத் தவளைகளில் உள்ள கொடிய நஞ்சின் வகை அப்பறவையின் தோலிலும் இறகிலும் இருப்பதை நிறுவிற்று. 15 ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிய செய்தியை ஒரு கீறல்தான் விஞ்ஞானிகளுக்கு உணர்த்தவேண்டியிருந்தது!

கதை இத்துடன் முடியவில்லை. நஞ்சு பறவைக்கு உணவிலிருந்து கிட்டுகின்றது என்னும் ஐயம் எழுந்தது. எவ்வுணவு? அடர்ந்த காட்டில் ஆயிரக்கணக்கான பூச்சிகளுள் எதனைத் தேடுவது? கிழக்கு மேனிலத்திலுள்ள ஹெரோவானா ஊரவர் சிறிய வண்டொன்றைக் கொணர்ந்து, இதன் பெயர் 'நனிசனி' என்றனர். நஞ்சுடைய வேறொரு சிறு பறவைக்கும் அவர்கள் மொழியிற் பெயர் நனிசனியே. வண்டையோ இறகையோ தீண்டினால் உதட்டிலும் முகத்திலும் உண்டாகும் கூச்சத்துக்கும் விறைப்புக்கும் அச்சொல்லே வழங்கிற்று. அவ்வண்டினுள்ளும் அந்நஞ்சு உண்டென்பதை 2004இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வண்டையும் பறவையையும் இணைத்த கருதுகோள் ஒரு சொல்லினுள் எத்துணைத் தலைமுறையாக அடங்கிக் கிடந்ததோ, யாரறிவார்?

சமூக ஆராய்ச்சி விஞ்ஞானத்துக்கு வழிகாட்டிய இடமும் அத்தீவில் உண்டு. ஃபோரே மக்களிடையே பெண்களையும் சிறுவரையும் பெரும்பாலும் கொன்ற குரு என்னும் நடுக்கநோய், குடும்பங்களிற் பரவியமையால் முதலிற் பரம்பரை நோயென ஐயுறப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் ஷேர்லி லின்டன்பாம், றொபேட் கிளாஸ் என்னும் மானிடவியலார் முதியோரிடம் வீடு வீடாக வினவி, அந்நோய் அவர்கள் நினைவுக்கு எட்டிய காலத்திலேயே தோன்றியது என்றும், இறந்த உறவினரைத் துக்கத்தோடு உண்ணும் வழக்கத்தையொட்டிப் பரவியது என்றும் கண்டனர். 1966இல் அது தொற்றுநோயென்பது சிம்பன்சிகளிற் செய்த சோதனையாற் புலனாயிற்று. 1976இல் நோபல் பரிசு வைத்திய ஆராய்ச்சியாளர் கஜ்டுசெக்குக்குக் கிடைத்தது. மானிடவியலார் பெயரை அறிந்தவர் சிலரே. அதனினும் கசப்பானது 1995இல் நிகழ்ந்தது. ஹகஹாய் என்னும் சிறு குழுவைச் சேர்ந்த ஒருவரின் குருதியிலிருந்து வளர்த்த உயிரணுக்களுக்கு ஐக்கிய அமெரிக்க அரசு காப்புரிமை பெற்றது. எதிர்ப்பு வலுத்தபின் அடுத்த ஆண்டு அவ்வுரிமை கைவிடப்பட்டது.

இவற்றைக் கேட்டபின், அவ்வறிவு இப்போது எந்நிலையில் உள்ளது என்று வினவுதல் இயல்பு. அந்நாட்டு ஆய்வாளர் அல்பிரெட் கிக்கும் அவர் துணைவரும் 392 மொழிக்குழுக்களைச் சேர்ந்த 6,190 மாணாக்கரைச் சோதித்து 2021இல் முடிவு வெளியிட்டனர். தம் முன்னோர் மொழியைச் செவ்வையாகப் பேசிய பெற்றோர் நூற்றுக்கு 91 பேர். மாணாக்கர் 58 பேர். அடுத்த தலைமுறையில் இது 26 ஆகக் குறையலாம் என்பது அவர்கள் மதிப்பு. மொழியோடு செடிகொடிகளைப் பற்றிய அறிவும் சேர்ந்தே குன்றிற்று. தாய்மொழி பேசிய மாணாக்கர் பலவகை மூலிகைகளைச் சொன்னார்கள். ஆங்கிலமோ பொதுமொழியான டொக் பிசினோ மட்டும் பேசியோர் சில மூலிகைகளையே சொன்னார்கள். அவற்றுட் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. வீட்டுக்கு வெளியே 13,634 வகைத் தாவரம் நிற்கின்றது!

1990களிற் தொடங்கி 400க்கு மேற்பட்ட மொழிகளில் ஆரம்ப வகுப்புகளை நடத்திய அந்நாடு, 2013இல் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்துக்குத் திரும்பிற்று. பெற்றோர் ஆங்கிலத்தை வேண்டினர் என்பது மெய்யே. உத்தியோகத்தை வேண்டும் பெற்றோரைப் பழிக்க எனக்கு மனமில்லை. வறிய அரசு 800 மொழிக்குப் புத்தகம் அச்சிடுவது எளிதன்று என்பதையும் ஏற்பேன். ஆயினும் ஆங்கிலம் கற்பதற்கு ஆரம்ப வகுப்பிலே தாய்மொழியை நீக்கவேண்டும் என்பது எவ்வகை நியாயமோ விளங்கவில்லை. மூன்று ஆண்டு தாய்மொழியிற் படித்த குழந்தை பின்னர் ஆங்கிலம் கற்கும். நனிசனி என்னும் சொல்லை மறந்த குழந்தை பின்னர் எப்பள்ளியில் அதனைக் கற்கும்?

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் வைத்தியர், விவசாய விற்பன்னர், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பலர் உளர். அவர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. ஓர் ஊரின் கிணற்று நீரையோ மீனவரின் வலையையோ வன்னிக் காட்டின் மூலிகையையோ ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிப் பட்டம் பெறுவது தக்கதே. அவ்வாராய்ச்சியின் பயனைப் பத்துப் பக்கத் தமிழில் எழுதி அவ்வூர் நூல்நிலையத்துக்கும் பாடசாலைக்கும் அனுப்புக. செய்தி தந்த முதியோரின் பெயரை, அவர் இசைந்தால், நூலின் முகப்பிலே போடுக. எங்கள் வகுப்பறைகளும் குறையற்றவையல்ல. குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் மாணாக்கன், ஆவிரையைச் செய்யுளில் அறிந்தும் வீதியோரத்து ஆவாரம்பூவைக் கண்டு பெயர் கேட்கின்றான். தாவரவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் மாதம் ஒருநாள் ஒரே வகுப்பை வெளியே அழைத்துச் செல்வது பாடத்திட்டத்துக்கு விரோதமாகாது.

கிக் அவர்களின் ஆய்விலே இன்னுமோர் எண் உண்டு. தம் பிள்ளைகளுக்கு முன்னோர் மொழியைக் கற்பிக்க விரும்புவதாகக் கூறிய மாணாக்கர் நூற்றுக்கு 88 பேர். அம்மொழியைத் தாமே செவ்வையாக அறிந்தோர் 58 பேர் என்று முன்னர்க் கூறினேன்.