ரேடியோவைப் பிரிக்கும் மகனைத் தடுக்கலாமா?

கேள்வி: “எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். நெல்லும் கீரையும் போடுகிறோம். பதினோராம் வகுப்பு படிக்கும் மகன், பழைய ரேடியோ, டார்ச் லைட் என்று கையில் கிடைப்பதையெல்லாம் பிரித்துப் பார்க்கிறான். ஹாம் ரேடியோ உரிமம் வாங்கப் போகிறேன் என்கிறான். போன வாரம் மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியையும் திறந்துவிட்டான். அவன் அப்பா கோபத்தில், எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் காயலான் கடையில் போடச் சொல்கிறார். செல்போன் இருக்கும் காலத்தில் ஹாம் ரேடியோ எதற்கு? அவனை விடலாமா, தடுக்கலாமா?”

- வாசகி, நெமிலிச்சேரி.

பதில்: ரேடியோவைத் தடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம்.

அவன் அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மும்முனை மின்சாரம் 415 வோல்ட். ஆஃப் பட்டனை அழுத்தினால் மோட்டார்தான் நிற்கும்; லைன் வந்து சேரும் முனைகளில் மின்சாரம் அப்படியே இருக்கும். ஒருமுனை மோட்டார் பெட்டியில் உள்ள கெப்பாசிட்டர், ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருந்து அடிக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. ஸ்டார்ட்டர் வேலை எலெக்ட்ரீஷியனுக்கு உரியது.

எனவே வீட்டில் ஒரு விதி வையுங்கள். டார்ச் பேட்டரி, 9 வோல்ட் பேட்டரி ஆகியவற்றில் ஓடும் எதையும் அவன் பிரிக்கலாம், செய்யலாம். சுவர் பிளக்கிலும் மோட்டார் லைனிலும் ஓடும் எதையும் திறக்கக் கூடாது. டிராக்டர் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி, செல்போன் பேட்டரி ஆகியவையும் இப்போது வேண்டாம். அவற்றில் ஷார்ட் ஆனால் தீக்காயம்தான். விதிக்கு உட்பட்டு மூன்று படிகளாகப் போகட்டும்.

முதல் படி: தொட்டி நிரம்பினால் கத்தும் கருவி

அவன் கைவேலை உங்களுக்குப் பயன்பட்டால் அப்பாவின் கோபம் தானாகத் தணியும். தேவையானவை: பிசி 547 டிரான்ஸிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 9 வோல்ட் பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு சுவிட்ச், துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பித் துண்டுகள் இரண்டு. எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். பெரிய செலவு இல்லை.

டிரான்ஸிஸ்டரின் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சுவிட்ச் வழியாக வரும் வயரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று பஸ்ஸரின் பிளஸ்ஸுக்கு; பஸ்ஸரின் மைனஸ் கலெக்டருக்கு. இன்னொன்று முதல் ஸ்டீல் கம்பிக்கு. இரண்டாவது கம்பியிலிருந்து ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு ஒரு வயர். எமிட்டர் பேட்டரியின் மைனஸுக்கு.

இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடாமல், தொட்டியின் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே தொங்கட்டும். தண்ணீர் இரண்டையும் தொட்டதும் மிகச் சிறிய மின்னோட்டம் பேஸுக்குப் போகும். டிரான்ஸிஸ்டர் அதைப் பல மடங்காக்கி பஸ்ஸரை அலறவைக்கும். சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்திவிட்டு சுவிட்சையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி தீரும், கம்பியும் அரிக்கும். இந்தக் கருவியை மோட்டார் வயரோடு எங்கும் சேர்க்கக் கூடாது. கத்துவது மட்டுமே இதன் வேலை. மோட்டாரை நிறுத்துவது உங்கள் வேலை.

இரண்டாம் படி: பேட்டரியே இல்லாத ரேடியோ

இதற்கு உங்கள் ஊர் நல்ல இடம். பக்கத்து ஆவடியில்தான் ஆல் இந்தியா ரேடியோவின் டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கின்றன. சென்னை வானொலியின் மீடியம் வேவ் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு அருகில் இருந்தால், காற்றில் வரும் அலையின் சக்தியைக் கொண்டே இயர்ஃபோனில் கேட்க முடியும்.

63 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டின்மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாக 70 சுற்று சுற்ற வேண்டும். பழைய ரேடியோவிலிருந்து எடுத்த டியூனிங் கண்டென்சரை அந்தச் சுருளின் இரு முனைகளிலும் இணைக்க வேண்டும். ஒரு முனையில் 10, 15 மீட்டர் நீள ஏரியல் கம்பி. மறுமுனையில் ஈர மண்ணில் அடித்த இரும்புக் கம்பிக்கு எர்த். ஏரியல் முனையிலிருந்து ஜெர்மானியம் டையோடு வழியாக கிரிஸ்டல் இயர்ஃபோனுக்கு. அதன் மறு வயர் எர்த்துக்கு. இயர்ஃபோனுக்குக் குறுக்கே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. செல்போனுக்கான சாதாரண இயர்ஃபோன் இதற்கு ஒத்துவராது.

ஏரியல் கட்டும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். கம்பி அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் கட்டுங்கள். இடி மின்னல் நேரத்தில் ரேடியோவையோ, வெளியே போகும் எந்த வயரையோ தொடக் கூடாது.

ரேடியோ நமக்குப் புதிதல்ல. சென்னையில் 1924-ஆம் ஆண்டு சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்தான் இங்கே முதன்முதலில் ஒலிபரப்பு நடத்தியது. அரசு வானொலி இங்கே வந்தது 1938-இல்தான். அதற்கு 14 ஆண்டுகள் முன்பே ஆர்வலர்கள் அதைச் செய்துகாட்டினார்கள். 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லைப் பயிரிட்டார்கள். அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது.

மூன்றாம் படி: ஹாம் உரிமம்

கேட்பதற்கு உரிமம் வேண்டாம். ஹாம் அலைவரிசைகளில் பேசுவதற்கு வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். ரெஸ்டிரிக்டட், ஜெனரல் என இரு நிலைகள். முதல் நிலைக்கு ரேடியோ அடிப்படையும் விதிமுறைகளும் போதும். ஜெனரல் நிலைக்கு மோர்ஸ் தந்தி முறையும் தெரிய வேண்டும். சென்னையிலேயே எழுதலாம். விண்ணப்பம், கட்டணம், தேர்வுத் தேதி ஆகியவற்றை ‘சரள் சஞ்சார்’ என்ற அரசு இணையதளத்தில் பாருங்கள். பதினோராம் வகுப்பு இயற்பியல் படிப்பவனுக்கு இது கூடுதல் சுமை ஆகாது.

உரிமம் வருமுன் டிரான்ஸ்மிட்டர் செய்வதோ, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி-டாக்கியை வாங்கிப் பேசுவதோ கூடாது. குறைந்த சக்தி கொண்ட சில வகைகளுக்கு மட்டுமே உரிமம் தேவையில்லை. மற்றவற்றில் பேசுவது குற்றம். விமானம், காவல்துறை அலைவரிசைகளில் குறுக்கிடும் ஆபத்தும் உண்டு.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாம் ரேடியோவில் வியாபாரம் பேசக் கூடாது. எனவே கோயம்பேட்டில் கீரை என்ன விலை என்று கேட்க உதவாது. ஆனால், செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். அது நின்றால் பேட்டரி, டீசல் உள்ளவரைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைச் சுற்றிப் பல இடங்களில் செல்போன் ஊமையானதை மறந்திருக்க மாட்டீர்கள். ஹாம் கருவிக்கு 12 வோல்ட் பேட்டரியும் ஒரு கம்பியும் போதும். நடுவில் கோபுரமே தேவையில்லை.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ஆர்வலர் தலைமையில் ஒரு குழு அந்தமான் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. உலகெங்கும் உள்ள ஹாம்களுடன் பேசுவதுதான் நோக்கம். டிசம்பர் 26-ஆம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கி, மற்றத் தொடர்புகள் அறுந்தன. அந்தப் பொழுதுபோக்குக் கருவி வழியாகத்தான் அவர்கள் தீவுக்கும் இந்தியாவின் மற்ற பகுதிகளுக்கும் இடையே செய்திகளை அனுப்பி, உறவினர்களின் நிலையை அறியத் தவித்தவர்களுக்கு உதவினார்கள்.

ஆகவே காயலான் கடை வேண்டாம். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்கவும் இப்போது வேண்டாம். ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்ட்டிமீட்டர், மேசையில் ஓர் ஓரம் போதும். சால்டரிங் அயர்ன் மட்டும் சுவர் பிளக்கில் ஓடுவது என்பதால், எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் மாட்டி, பெரியவர் இருக்கும்போது பயன்படுத்தட்டும். வீட்டு மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால், எலெக்ட்ரீஷியனை வைத்து முதலில் அதைப் பொருத்திவிடுங்கள். அது மகனுக்காக மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லோருக்காகவும்தான்.