இடிப்பதற்கு முன் எழுதுங்கள்

மும்பையில் நீரின் குறுக்கே மாஹிமையும் பாந்திராவையும் இணைக்கும் காஸ்வே 1845இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் படகுதான்; கவிழ்ந்து உயிர் போனதும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அரசு பணம் போட முன்வராதபோது, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் ஆவாபாய் என்ற பார்சிப் பெண்மணி. கடந்து போகிறவர்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அவர் நினைவாக மாஹிமின் பெரிய சாலைக்கு லேடி ஜாம்ஷெட்ஜி சாலை என்று பெயர் வைத்தார்கள். ஜாம்ஷெட்ஜி அவருடைய கணவர். இன்று அதுவும் எல்.ஜே. ரோடு என்று சுருங்கிவிட்டது. ஆவாபாய் யாரென்று அந்தச் சாலையில் கடை வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பணக்கார வீட்டுப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், மாஹிம் ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே தாராவிக் குடிசைகளில் வாழ்ந்து தேய்ந்த நம் தமிழ்ப் பெண்களை யார் எழுதப் போகிறார்கள்? தாராவியிலிருந்து சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டி, ஹாரன் அடித்தபடி வரும் இட்லிக்கார அண்ணாவை மும்பைக்கே தெரியும். அரிசி ஊறப்போட்டு, மாவரைத்து, எல்லோரும் தூங்கும் நேரத்தில் அடுப்பு மூட்டி, ஈடு ஈடாக இட்லி அவித்து அவரை அனுப்பிவைக்கிறவளைத் தெரியாது. குழாயடியில் வரிசை போட்டதும், சதுப்பு நிலத்தில் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கிக் குடிசை நிறுத்தியதும் இந்தக் கைகள்தான். குடிசைவாசிகளின் தலைவர் ஜோக்கின் அற்புதத்துக்கு 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது; முழுக்கத் தகுதியானவர். அவருக்குத் தோள் கொடுத்து, வீடு வீடாகச் சேமிப்புப் பணம் திரட்டிய மகிளா மிலன் அமைப்பின் பெண்களை எந்த அரசு ஏடு பட்டியலிட்டிருக்கிறது?

மகாராஷ்டிர அரசு பெண்களை மறந்தே போனது என்று சொல்ல மாட்டோம். புனே பல்கலைக்கழகம் ஆசிரியை சாவித்திரிபாய் புலே பெயரைத் தாங்குகிறது. அஹமத்நகர், ராணி அஹில்யாபாய் பெயரில் அஹில்யாநகர் ஆகியிருக்கிறது. 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் ஆவணங்களில் தாயின் பெயரும் கட்டாயம். குடிசை மறுசீரமைப்பு வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இவை நல்லவை. ஆனால் ராணிக்கும் ஆசிரியைக்கும் கிடைத்த இடம், ஒரு நகரத்துக்குச் சோறு போட்ட உழைப்பாளிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

காலம் கடந்துகொண்டிருக்கிறது. குடிசைகளை இடித்துக் கட்டும் தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு. அந்த வீட்டை யார் உழைத்து நிறுத்தினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. தகுதிப் பட்டியலில் இடம்பெறாதவர்கள் தாராவிக்கு வெளியே போக வேண்டியிருக்கும். முதல் தலைமுறைப் பெண்கள் முதுமையில் இருக்கிறார்கள். ஆளுக்கொரு திசையில் சிதறிய பிறகு எந்த அதிகாரியாலும் இந்த வரலாற்றைத் திரட்ட முடியாது.

அரசிடம் நாம் கேட்பது பெரிய செலவல்ல. இடிப்பு முழுவீச்சில் தொடங்கும் முன், கெசட்டியர் துறையும் மாநகராட்சியும் தாராவிப் பெண்களின் வாய்மொழியைத் தமிழிலும் மராத்தியிலும் பதிவு செய்யட்டும். புதிதாக வரும் தெருக்களில் சிலவற்றுக்கேனும் அங்கே உழைத்த பெண்களின் பெயரை வைக்கட்டும். எல்.ஜே. ரோடு பலகையில் ஆவாபாய் என்ற பெயரையும் எழுதட்டும்.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் ஆச்சி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து கேளுங்கள். அவருடைய முழுப்பெயர், எந்த ஊரிலிருந்து எந்த வருடம் வந்தார், என்னென்ன வேலை செய்தார் என்று எழுதி, ரேஷன் கார்டு நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.