புகைக்கு யார் சொந்தக்காரன்?

சொந்தக் காரின் எஞ்சினில் சொந்தமாகக் கை வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்று கேட்டால், உண்டு என்பதுதான் என் பதில். காசு கொடுத்து வாங்கிய யந்திரத்தைத் திறந்து பார்க்காதே என்று சொல்ல எந்தக் கம்பெனிக்கும் அதிகாரம் கிடையாது. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ஒரு வெள்ளைக்காரரிடம் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டித்தான் யந்திர வித்தையைக் கற்றார் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடம் சொல்லித் தராததை அந்த நட்டும் போல்ட்டும் சொல்லித் தந்தன. அந்தப் பரம்பரையில் வந்த ஒரு பையன் இன்றைக்குக் காட்பாடியில் தன் டர்போ காரின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கிறான் என்றால், நான் அவன் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால், அவன் திறந்து பார்க்கிறானா? அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

சித்தூர் போகும் சாலையில் ஒரு பட்டறை வாசலில் ஒரு வாலிபரைச் சந்தித்தேன். படித்தவர், நல்ல பிள்ளை. காரை அன்போடு தட்டிக் கொடுத்தபடி பேசினார்.

"ஸ்டேஜ் ஒன் போட்டிருக்கேன் சார். முப்பது குதிரை ஏறியிருக்கு. எல்லாம் நானே பண்ணினது."

"எதை மாற்றினீங்க, தம்பி?"

"ஃபைல் வாங்கினேன் சார். லேப்டாப்ல நானே ஏத்தினேன்."

"அந்த ஃபைல்ல என்ன இருக்கு?"

"அது அதை எழுதினவருக்குத்தான் தெரியும் சார்."

'நானே செய்தேன்' என்ற சொல் தமிழில் கௌரவமான சொல். நானே கட்டினேன், நானே நெய்தேன், நானே சமைத்தேன் என்று சொல்லும்போது சொல்கிறவனின் கைக்கும் புத்திக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஹோட்டலில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து இலையில் கொட்டிவிட்டு 'நானே சமைத்தேன்' என்று சொல்கிற பெண்மணியை எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை.

விஷயம் இன்னதென்று தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். டர்போ என்பது சிக்கனமான ஒரு யோசனை. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல்கூட அது சுழலும். காற்று அதிகம் போனால் எண்ணெயும் அதிகம் எரிக்கலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைப் போல இழுக்கும். எவ்வளவு காற்று, எவ்வளவு எண்ணெய், எந்தக் கணத்தில் பாய்ச்சுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். அதற்குள் இருப்பவை வாய்ப்பாடுகள். எஞ்சின் இத்தனை சுற்று சுற்றும்போது, மிதியை இவ்வளவு அழுத்தினால், இவ்வளவு எண்ணெய் என்று வரிசை வரிசையாக எண்கள். இந்த வாய்ப்பாட்டைத்தான் 'மேப்' என்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிற சாக்கெட்டில் ஒரு கம்பியைச் சொருகி, பழைய எண்களை எடுத்துவிட்டுப் புதிய எண்களை எழுதுவதுதான் இந்த வித்தை.

எழுதுவது சுலபம். எந்த எண்ணை எழுதுவது என்பதுதான் கஷ்டம். டீசல் எஞ்சினில் காற்றுக்கு மிஞ்சி எண்ணெயைப் பாய்ச்சினால் எரியாத மிச்சம் கரும்புகையாக வரும். வெளியே வருகிற வாயுவின் சூடு ஏறும். டர்போவும் பிஸ்டனும் அந்தச் சூட்டைத் தாங்கியாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காற்றழுத்தத்தையும் பொறி தட்டும் நேரத்தையும் கணக்கில்லாமல் மாற்றினால் எண்ணெய் நேரம் தவறி வெடித்து, எஞ்சின் உள்ளுக்குள் 'டக் டக்' என்று தட்டும். வெகுதூரத்தில், வேறு தேசத்தில் உட்கார்ந்து ஒருவன் எழுதின எண்களுக்கு நம்மூர் தெரியுமா? ஐரோப்பாவில் அவன் போடுகிற பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு ஐந்து பங்கு, அல்லது பத்துப் பங்கு. நாம் இன்று போடுகிற பெட்ரோலில் இருபது பங்கு. எத்தனால் கூடினால் அதே காற்றுக்கு அதிக எண்ணெய் பாய்ச்ச வேண்டும். அவனுடைய ஊரில் இளவெயில். நமக்குச் சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். சூடான காற்று லேசான காற்று. இவை எதையும் கேட்காமல் எழுதிய எண்ணை, எதையும் கேட்காமல் வாங்கி ஏற்றுவதற்குப் பெயர் ட்யூனிங் என்றால், கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டுக்குப் பெயர் வைத்தியம்.

இதைச் சொன்னால் வாலிபர்கள் மூன்று சமாதானங்கள் சொல்கிறார்கள். மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் சமாதானம்: கம்பெனிக்காரன் வேண்டுமென்றே சக்தியைக் குறைத்து விற்கிறான், ஒளித்து வைத்ததை நாங்கள் வெளியே எடுக்கிறோம். இதற்கு அவர்கள் எப்போதும் காட்டுகிற உதாரணம் ஃபியட் வடிவமைத்த 1248 சி.சி. டீசல் எஞ்சின். மாருதி கம்பெனி அதை ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறனுக்கும், எஸ்.எக்ஸ்.4 காரில் 90 குதிரைத்திறனுக்கும் விற்றது. 'பார்த்தீர்களா, பதினைந்து குதிரையை ஒளித்துவிட்டான்!' என்பார்கள். ஆனால் 90 குதிரை எஞ்சினில் டர்போவே வேறு. புகையின் வேகத்துக்குத் தக்கபடி இதழ்கள் திரும்பிக் கொடுக்கிற டர்போ அது. அந்தப் பதினைந்து குதிரை இரும்பில் இருந்தது, எண்ணில் இல்லை. ஒரே இரும்பை எண்ணை மட்டும் மாற்றி இரண்டு விலைக்கு விற்கிற கம்பெனிகளும் உலகத்தில் உண்டு, நான் மறுக்கவில்லை. எது எந்த ரகம் என்று பார்க்கத் தெரிந்தவன்தான் கை வைக்கத் தகுதி உள்ளவன்.

இரண்டாவது சமாதானம்: கம்பெனிகளே யோக்கியர்களா? இல்லை. 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் கம்பெனியின் குட்டு அமெரிக்காவில் வெளிப்பட்டது. சோதனைச் சாலையில் கார் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, அப்போது மட்டும் புகையை அடக்கி வாசிக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இந்தியாவிலும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. வெட்கக்கேடான கதைதான். ஆனால் இந்தக் கதையை எனக்குச் சொல்லிக் கொதிக்கிற அதே நண்பர்கள் தங்கள் சொந்தக் காருக்கு என்ன செய்கிறார்கள்?

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற விதி வந்தது. அதற்கு முன்னால் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்தூள் விடலாம், இப்போது 4.5 மில்லிகிராம்தான். இதற்காகக் குழாயில் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். கரி அதில் தங்கும். வண்டி வேகமாக ஓடும்போது கம்ப்யூட்டர் சூட்டை ஏற்றி அந்தக் கரியை எரித்துவிடும். ஊருக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கிற வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சிவப்பு விளக்கு எரியும். பட்டறைக்குப் போனால் பெரிய தொகை கேட்பார்கள். எரிச்சல் வருவது நியாயம். ஆனால் அதற்கு இவர்கள் கண்டுபிடித்த பரிகாரம், வடிகட்டியின் உள்ளே இருக்கிறதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, 'வடிகட்டி பத்திரமாக இருக்கிறது' என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிக் கொடுப்பது! வோக்ஸ்வாகன் செய்ததும் இதைத்தான். அந்தக் கம்பெனி லட்சக்கணக்கான கார்களில் செய்தது. இவர் ஒரு காரில் செய்கிறார். எண்ணிக்கைதான் வித்தியாசம்.

மூன்றாவது சமாதானம் அந்த எண்ணிக்கையிலிருந்தே பிறக்கிறது: என் ஒரு கார் விடுகிற புகையால் உலகம் கெட்டுவிடுமா? 2020-ல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. பத்து வருஷத்தில் ஐந்தரை லட்சம் டீசல் பிக்கப் வண்டிகளில் இப்படிப் புகைக் கருவிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள். புகையின் அளவில் அது ஒழுங்கான வண்டிகள் 90 லட்சத்தைக் கூடுதலாகச் சாலையில் விட்டதற்குச் சமம் என்பது அந்தக் கணக்கு. அந்த ஐந்தரை லட்சம் பேரில் ஒவ்வொருவனும் 'என் ஒரு வண்டிதானே' என்றுதான் நினைத்திருப்பான்.

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரன் இந்தச் சமாதானத்தைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். பாலாற்றங்கரைக்காரன் சொல்லலாமா? 'தோல் என்னுடையது, தொட்டி என்னுடையது, ஒரு ஷாப்புத் தண்ணீரால் ஆறு கெட்டுவிடுமா' என்று ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஒவ்வொரு முதலாளியும் சொல்லிச் சொல்லித்தான் கிணறு கிணறாக நீர் கெட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தோல் ஷாப்புகள் இருக்கிற பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டதென்று அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் ஓர் அங்கம் என்று நிலைநிறுத்திய தீர்ப்பு அதுதான். இந்தியாவில் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூர் பெயரைச் சொல்லாமல் நடப்பதில்லை. அப்படியும் விவகாரம் தீர்ந்ததா? 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு கொடு என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

என் வாசலைத் தாண்டிப் போனது என்னுடையதல்ல என்ற பாடத்தை நாம் ஓர் ஆற்றை விலையாகக் கொடுத்துப் படித்திருக்கிறோம். தண்ணீருக்காகக் கோர்ட்டு வாசலில் நின்ற குடும்பத்துப் பிள்ளை, காற்று விஷயத்தில் அதே பழைய முதலாளியின் வசனத்தைப் பேசுவது எனக்குச் சகிக்கவில்லை. எஞ்சின் உன்னுடையது, தம்பி. புகை பின்னால் சைக்கிளில் வருகிறவனுடையது.

இனி, சட்டத்தையும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதச் சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. கேட்பதற்குப் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிகாரியின் கண்ணுக்கு அகலமான டயர் தெரியும். மாற்றின வர்ணம் தெரியும். பெட்டிக்குள் மாற்றின எண் தெரியாது. புகைச் சான்றிதழ் கொடுக்கிற இடத்தில் டீசல் வண்டியின் புகை எவ்வளவு அடர்த்தி என்றுதான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு என்ற கண்ணுக்குத் தெரியாத விஷத்தை அங்கே அளப்பதே இல்லை. நல்ல விளக்குப் போட்டவன் அபராதம் கட்டுகிறான். வடிகட்டியைப் பிடுங்கினவன் சான்றிதழோடு போகிறான். 2015-ல் அமெரிக்காவில் பதிப்புரிமைச் சட்டத்துக்கு ஒரு விதிவிலக்குக் கொடுத்தார்கள். சொந்தக்காரன் தன் காரைப் பழுது பார்க்கவும், சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் கம்ப்யூட்டரின் பூட்டைத் திறக்கலாம் என்றார்கள். புகை விதியை மட்டும் தளர்த்தவில்லை. திறக்கிறவனையும் நாசம் செய்கிறவனையும் பிரித்துப் பார்க்கிற அந்தக் கோடு நம் சட்டத்திலும் வேண்டும். கம்பெனிகளும் பெட்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு, விளக்கு எரிந்தால் எங்களிடம்தான் வர வேண்டும் என்று மிரட்டுகிற வழக்கத்தை விட வேண்டும். பூட்டுத்தான் திருட்டுச் சாவிக்காரனை வளர்க்கிறது.

இந்தக் கலையை ஒழுங்காகப் பயில வழியே இல்லையா என்றால், காட்பாடியிலேயே இருக்கிறது. இங்கே வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் பந்தயக் கார் ஒன்றைத் தாங்களே வடிவமைத்துக் கட்டி, மாணவர் பந்தயங்களுக்குக் கொண்டு போகிறார்கள். கோயம்புத்தூர் கரி பந்தயத் தடத்தில் 'ஃபார்முலா பாரத்' என்று அப்படி ஒரு போட்டி நடக்கிறது. அந்தப் பந்தயங்களின் விதி கடுமையானது. எஞ்சின் 710 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் எஞ்சினுக்குள் போகிற காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துவாரம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தச் சின்னத் துவாரத்துக்குள் நின்றுகொண்டு எவ்வளவு சாதிக்கலாம் என்பதுதான் போட்டி. ஓட்டு, அள, எழுதி வை, ஒரே ஓர் எண்ணை மாற்று, மறுபடி ஓட்டு, மறுபடி அள. இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். துவாரத்தைப் பெரிதாக்கிவிட்டு ஜெயித்தேன் என்கிறவனை அங்கே பந்தயத்தில் சேர்ப்பதில்லை. சாலையில் மட்டும் அவனுக்கு ஏன் கை தட்டுகிறோம்?

ஆகவே வாலிப நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெட்டியைத் தாராளமாகத் திறங்கள். எந்த எண்ணை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், மாற்றுவதற்கு முன் சூடு எவ்வளவு, பின் எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வடிகட்டியைத் தொடாதீர்கள். அப்படி நாற்பது பக்கம் எழுதின நோட்டோடு ஒரு பிள்ளை என் வீட்டுப் படியேறி வந்தால், என் காரின் சாவியை நானே எடுத்து அவன் கையில் கொடுப்பேன். விலைக்கு வாங்கின ஃபைலோடு வருகிறவர்கள் தயவுசெய்து காரைத் தெருக்கோடியிலேயே நிறுத்திவிட்டு வரட்டும். எங்கள் தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.