ஐ7 என்று சொன்னால் போதுமா?

ஆரணிப் பக்கத்தில் ஜரிகை வாங்குகிறவர் யாரும் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பிக் காசை எடுத்துக் கொடுக்க மாட்டார். இழையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் பரிசோதனைக்கும் அனுப்புவார். அதே மனிதர் மகனுக்கோ பேரனுக்கோ கேம் ஆட கம்ப்யூட்டர் வாங்கப் போனால், "ஐ7 சார், 16 ஜிபி சார்" என்ற இரண்டு வார்த்தையில் மயங்கி 20,000, 25,000 என்று எண்ணி வைத்துவிட்டு வருகிறார். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் இது நடந்தது. கடையின் பெயர் வேண்டாம். அந்த வியாபாரத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம்.

அந்த "ஐ7" எது? பெட்டியைத் திறந்து பார்த்தால் ஐ7-2600. இன்டெல் கம்பெனி இதை வெளியிட்டது 2011 ஜனவரியில். எண்ணின் முதல் இலக்கமான 2, இரண்டாம் தலைமுறை என்று சொல்கிறது. 2022இல் வந்த ஐ3-12100எஃப் என்பதில் 12, பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டிலும் நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையில் அந்த ஏழைப் பார்க்கிலும் இந்த மூன்று வெகு தூரம் முன்னால் நிற்கிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே வருடத்துச் சரக்குக்குள் தரம் பிரிக்கும் வழி. பதினோரு வருட இடைவெளியில் அதற்கு அர்த்தமே கிடையாது. களம்பூரில் பழைய அரிசிக்கு விலை கூடுதல், அது நியாயம். ப்ராசஸர் குடோனில் கிடந்து ருசி ஏறுகிற பண்டம் இல்லையே!

வேகம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்பீர்கள். பொறுத்தாலும் பயனில்லை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பையன்கள் உயிரை விடுகிற வாலரண்ட் ஆட்டமோ, விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாவிட்டால் ஓடாது. அந்தக் காலத்து மதர்போர்டில் அதற்கு எங்கே போவது? போர்டை மாற்றலாம் என்றால் ப்ராசஸரையும் மாற்ற வேண்டும், மெமரியையும் மாற்ற வேண்டும். மிஞ்சுவது தகரப் பெட்டிதான்.

"கேம்தானே ஆடப் போகிறான், இது போதும்" என்று சொல்லும் பெரியவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் பத்து வருடத்துக் கம்ப்யூட்டர் தாராளமாகப் போதும். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வேலைகளில் கடினமானது இந்த விளையாட்டுதான். அதே பெட்டியில்தான் நாளைக்குப் பையன் புடவை டிசைன் போடவும் கற்றுக்கொள்வான்.

இதைச் சொல்லும்போது லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு நினைவுக்கு வருகிறார். பிரெஞ்சில் படித்தவனுக்கு அவர் "ழக்கார்". நம் தறிக்காரர்களுக்கு ஜக்கார்டு பெட்டி. 1804இல் அவர் செய்த அமைப்பில் அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. உண்டு, இல்லை என்ற இரண்டே விடை. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்கு இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். இன்றைய ப்ராசஸரும் உண்டு, இல்லை என்ற கணக்கில்தான் ஓடுகிறது. தறிக்காரருக்கு இது அந்நியச் சமாசாரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, 50,000 ரூபாய்க்குள் எதை வாங்குவது? கையில் இருப்பதையெல்லாம் ப்ராசஸரில் கொட்டாதீர்கள். கோர்வைத் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கரைக்கு நாடா தள்ளுகிற ஆள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் நெய்கிறவர் மெதுவாக இருந்தால் புடவை நகராது. ஆட்டத்தின் கணக்கைப் போட்டு, எதை எங்கே வரைய வேண்டும் என்று சொல்வது ப்ராசஸர். வரைவது கிராபிக்ஸ் கார்டு. ஜிடிஏ மாதிரி காட்சி கனமான ஆட்டங்களில் பாரம் பெரும்பாலும் கார்டின் தலையில். வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றில்தான் ப்ராசஸர் கொஞ்சம் அதிகம் உழைக்கும். அங்கேயும் வீட்டிலிருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், வினாடிக்கு 200 படம் தயாரித்தாலும் திரை காட்டப்போவது 60தான்.

ஆகவே என் கணக்கு: மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ப்ராசஸருக்கு வேண்டாம், ஏறக்குறைய இரண்டு பங்கு கார்டுக்குப் போகட்டும். ஐ3-12100எஃப், அல்லது ஆறு கோர் உள்ள ஏஎம்டி ரைசன் 5 5600. எனக்கு இரண்டாவதன் மேல் பிரியம். காரணம், 2017இல் முதல் ரைசன் வந்தபோது இருந்த அதே சாக்கெட்டில் 2022இல் வந்த 5600உம் உட்காருகிறது. இன்டெல் இடைவிடாமல் சாக்கெட்டை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அதற்காக ஏஎம்டி உத்தமர் என்று நினைக்க வேண்டாம். லேப்டாப்புக்கு வந்த ரைசன் 5 7520யூ பேருக்கு ஏழாயிரம் வரிசை. உள்ளே இருப்பது 2019 காலத்து வடிவமைப்பு. இன்டெலின் பெரிய சரக்கிலும் கோளாறு வந்தது. 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் மின்னழுத்தப் பிரச்சினையால் தடுமாற, 2024இல் கம்பெனியே உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. அதிகம் அவதிப்பட்டவர்கள் ஐ7, ஐ9 வாங்கியவர்கள்.

கடைசி எழுத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே படம் காட்டும் வசதி இல்லை. தனி கார்டு போடாவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும். கார்டுக்கு இப்போது பணமில்லை என்றால் ரைசன் 5 5600ஜி வாங்குங்கள். சுமாரான ஆட்டங்கள் அதிலேயே ஓடும், அடுத்த தீபாவளிக்குக் கார்டு சேர்க்கலாம். மிச்சம் பிடிக்கிறேன் என்று எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள். நம் ஊர் மின்சாரத்தின் குணம் உங்களுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் ஒரு நாற்காலி வாங்கவே மூன்று விலைப்புள்ளி கேட்போம். இதற்கும் கேளுங்கள். ப்ராசஸரின் முழு எண், கடைசி எழுத்து உட்பட, மதர்போர்டின் மாடல், மெமரி டிடிஆர்3யா, 4ஆ, புதியதா, பழையதா, உத்தரவாதம் யார் தருகிறார்கள், எத்தனை வருடம். எல்லாம் எழுத்தில், ஜிஎஸ்டி எண்ணோடு. "அதெல்லாம் எதற்கு சார், ஐ7 சார்" என்று இழுத்தால் பேச்சை நிறுத்திவிட்டு இறங்கிவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.