பழைய ஜீன்ஸ் துணிகளைத் தனியாகச் சேகரித்து மறுதையலுக்கு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர்,
மகளிர் தையல் தொழிலாளர் சங்கம், சென்னை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் கட்டடம், சென்னை.

பொருள்: பழைய துணி சேகரிப்பு – மறுதையல் தொழிலுக்கு வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

எங்கள் உறுப்பினர்கள் பழைய ஜீன்ஸ் பேன்ட்களைப் பிரித்து, பை, பவுச், மிதியடி எனத் தைத்து விற்றுப் பிழைப்பவர்கள். ஜீன்ஸ் நைந்துபோவது முட்டியிலும் தொடையிடுக்கிலும்தான். முட்டிக்குக் கீழே துணி பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். அந்தக் கால் பகுதியில் பை தைக்கிறோம். இடுப்புப் பட்டி கைப்பிடியாகிறது. பின் பாக்கெட் அப்படியே வெளி அறையாகிறது. தனது 501 ரக ஜீன்ஸ் ஒன்றுக்கு, பருத்தி விளைவதிலிருந்து வீட்டுச் சலவை வரை, சுமார் 3,781 லிட்டர் தண்ணீர் செலவாவதாக லீவைஸ் நிறுவனமே 2015-இல் கணக்கு வெளியிட்டது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கும் எங்களுக்கு, அந்தத் துணியைக் குப்பையில் பார்க்க வயிறு எரிகிறது.

துணிக்குப் பஞ்சமில்லை, கெட்ட பிறகு கைக்கு வருவதே எங்கள் சிக்கல். சோற்று மிச்சத்தோடு ஒன்றாகக் கிடந்த ஜீன்ஸ் மறுநாளே நாறும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதைத் துவைத்து மீட்க ஆகும் தண்ணீரையும் சோப்பையும் பார்த்தால் கூலிகூடத் தேறாது. ஆகவே, ஈரம் படுமுன் துணியைத் தனியாக எடுப்பதே எங்கள் முதல் கோரிக்கை. வீடு தேடி வரும் பேட்டரி வண்டிகளில் வாரம் ஒரு நாள் துணிக்கென்று தனிச் சாக்கு வைக்க வேண்டுகிறோம். இந்த வேலை தூய்மைப் பணியாளர்களுக்குக் கூலியில்லாச் சுமையாகிவிடக் கூடாது. சேரும் எடைக்கு ஏற்ப அவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்க வேண்டும். அதில் ஒரு பங்கை ஏற்க எங்கள் சங்கம் தயார்.

போகிக்கு முந்தைய வாரத்தில் வார்டுதோறும் துணி பெறும் முகாம் நடத்த வேண்டுகிறோம். வீட்டு அலமாரிகள் காலியாகும் நாட்கள் அவை. இன்றைய பேன்ட்கள் பலவற்றில் லைக்ராவும் பாலியஸ்டரும் கலந்திருக்கின்றன. அவற்றைப் போகித் தீயில் போட்டுக் கொளுத்தினால் அந்தப் புகை குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகும்.

தைப்பதற்கு, மழை ஒழுகாத, மின் இணைப்புள்ள ஓர் அறையும் தேவை. ஜீன்ஸின் தடித்த மடிப்பில் வீட்டு மெஷினை ஓட்டினால் 18-ஆம் நம்பர் ஊசியும் முறிகிறது. பவர் மெஷின் வாங்க, சுயஉதவிக் குழுக் கடனுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டத்தில் எங்கள் பைகளுக்கும் இடம் தர அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். மஞ்சப்பை விற்பனை இயந்திரத்தில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பையின் விலைக்கு எங்களால் தர இயலாது. தையல் பிரிக்கவே நேரம் பிடிக்கிறது. ஆனால் அரிசி, காய்கறி என்று கனம் ஏற்றினாலும் தாங்கும் பை இது. உரிய விலையைத் தனியாக நிர்ணயிக்க வேண்டும்.

தைத்த பைகளுடன் நேரில் வந்து விளக்க, போகிக்கு முன்பாக ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம்.