இறக்குமதியை நிறுத்தினால் போதுமா?

சென்ற தவணை என்னிடம் படிக்கும் பதினோராம் தர மாணவர்களுக்கு ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். 'உணவுப் பொருட்களின் இறக்குமதி தடைசெய்யப்பட வேண்டும்' என்பது தலைப்பு. ஆதரித்தும் எழுதலாம், எதிர்த்தும் எழுதலாம் என்று சொல்லியிருந்தேன். முப்பத்திரண்டு கொப்பிகளில் இருபத்தேழு தடைசெய்யச் சொல்லின. நாடு தன்னிறைவு காணும், அந்நியச் செலாவணி மீதமாகும், விவசாயியின் வாழ்வு மலரும் என்ற மூன்று வசனங்களும் பெரும்பாலும் இதே ஒழுங்கில் இருந்தன. ஏதோ ஒரு வழிகாட்டி நூலிலிருந்து பாடமாக்கியிருக்கிறார்கள். இந்த நூலின் முன்னைய பதிப்பிலும் அவை இருந்திருக்கலாம். அதற்காக நான் மாணவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

கொப்பிகளை மூடி வைத்துவிட்டுப் பேசச் சொன்னபோதுதான் உண்மையான கட்டுரை வெளியே வந்தது. பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன், "சேர், எங்கட அப்பா போனமுறை வெங்காயம் வைச்சு நட்டப்பட்டவர். வெளியில இருந்து வாறதை நிப்பாட்டினால் எல்லாம் சரிவரும்" என்றான். மறுபக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தந்தை மேசன் வேலை செய்பவர். "நிப்பாட்டினால் எங்கட வீட்டுக் கறிக்கு ஆர் காசு தாறது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் சொன்னது சரி. இருவரும் சரியாக இருக்கும்போது எப்படி ஒரு முடிவுக்கு வருவது என்பதைப் பாடநூல் சொல்லித்தருவதில்லை.

இந்த விடயத்தில் நான் நடுநிலையாளன் அல்லன். எங்கள் குடும்பத்துக் கல்வீடு 1974ஆம் ஆண்டு மிளகாய்க் காசில் கட்டப்பட்டது. 1970இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிலும், விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களின் படித்த வாலிபர் திட்டங்களிலும் மிளகாய் பொன்னாக விளைந்தது. என் அப்பு வலிகாமத்தில் இருந்த தோட்டம் போதாதென்று விசுவமடுவிலும் உறவினர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து காணி செய்தார். அவரைக் கேட்டால் இந்நாட்டில் கமக்காரன் நிமிர்ந்து நடந்தது அந்த ஏழு ஆண்டுகளில்தான் என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் மலையகத்தில் என்ன நடந்தது என்பதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் கலைப்பீட நூலகத்தில் இருந்து வாசித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

பிரித்தானியர் காலத்தில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. அதற்கு இன்னும் கூடுதலான ஆட்கள் தேவைப்பட்டனர். இவ்வளவும் பாடத்தில் உண்டு. அந்த ஆட்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்ற வினாவை எந்த வினாத்தாளிலும் நான் கண்டதில்லை. அவர்கள் சாப்பிட்டது கப்பல் அரிசி. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி இறக்கப்பட்டது. தோட்ட நிருவாகம் அதைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. ஆள் வரும் பாதையும் அரிசி வரும் பாதையும் ஒரே கொள்கையின் இரண்டு கைகள். இரண்டாம் உலகப் போருக்கு முன் இத்தீவு மக்கள் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வந்தது. 1942இல் யப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அது நின்றது. அப்போதுதான் கூப்பன் அரிசி, அதாவது பங்கீட்டு முறை வந்தது.

சுதந்திரத்தின் பின் ஆட்கள் பற்றிய சட்டம் மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களாயினர். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இந்த எண்களைப் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறீர்கள். நல்லது. ஆனால் குடியுரிமைக்கும் சோற்றுக்கும் உள்ள தொடர்பையும் கவனியுங்கள்.

1953ஆம் ஆண்டு பங்கீட்டு அரிசியின் விலை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதன்பின் விலையும் குறைக்கப்பட்டது. வாக்குள்ளவன் வயிற்றில் அடித்தால் அரசாங்கம் ஆடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் வரலாற்றில் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1973இல், உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறின. டொலர் போதவில்லை. பங்கீட்டு அரிசி, கோதுமை மா, சீனி எல்லாம் வெட்டப்பட்டன. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோகவும் கட்டுப்பாடு இருந்தது. கிராமத்தில் இருந்தவனுக்கு ஒரு வயல் துண்டோ மரவள்ளிப் பாத்தியோ இருந்தது. லயத்தில் இருந்தவருக்குச் சொந்தமாக ஒரு பாத்தி மண்ணும் இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அதைப் பேச ஒரு வாக்கும் இல்லை. 1973, 1974 ஆண்டுகளில் தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் ஏறியது. அங்கு பட்டினியால் மக்கள் இறந்தனர்.

அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பிய குடும்பங்கள் பல வன்னிக்கு வந்தன. வவுனியா, கிளிநொச்சி, விசுவமடுப் பக்கங்களில் காடு வெட்டினார்கள், மிளகாய்ப்பழம் பிடுங்கினார்கள். என் அப்புவின் மிளகாய் நல்ல விலை போனதற்கு இறக்குமதி நின்றது காரணம். அதைப் பிடுங்கக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்ததற்கு அந்த மக்கள் பசியோடு வந்தது காரணம். எங்கள் கல்வீட்டின் அத்திவாரத்தில் இரண்டும் இருக்கின்றன. அப்புவை நான் குற்றவாளியாக்கவில்லை. அவர் கடன்பட்டு, விடிய நாலு மணிக்கு எழும்பித் தண்ணீர் இறைத்து உழைத்தவர். ஆயினும் 'தடைசெய்தால் விவசாயியின் வாழ்வு மலரும்' என்ற வசனத்தை வாசிக்கும்போது, எந்த விவசாயி, யாருடைய செலவில் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

1977இல் கதவு திறந்தது. திறந்த பொருளாதாரம் என்று ஒரு வரியில் படிக்கிறீர்கள். அப்புவுக்கு அது அடுத்த போகத்திலேயே விளங்கிவிட்டது. இறக்குமதி மிளகாய் வந்து சேர்ந்தது, விலை விழுந்தது. விசுவமடுக் காணியைக் கைவிட்டார். படிப்படியாகக் குறைத்திருந்தால், நீர் இறைக்கும் செலவையும் விதைச் செலவையும் குறைக்க வழிகாட்டியிருந்தால், அவரைப் போன்றவர்கள் தாக்குப்பிடித்திருக்கலாம். அப்படி ஒரு கால அவகாசம் கொடுக்கப்படவில்லை. மூடியதும் திடீரென்று, திறந்ததும் திடீரென்று.

என் கருத்து இங்கேதான் இருக்கிறது. கதவு திறந்திருப்பதா பூட்டியிருப்பதா என்பதைவிட, எப்போது திறக்கப்படும், எப்போது பூட்டப்படும் என்பது விதைக்கும்போதே கமக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் விசேட வர்த்தகப் பண்ட வரியைக் கொண்டுவந்தது. பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, செத்தல் மிளகாய் முதலியவற்றுக்கு ஒரு கிலோவுக்கு இத்தனை ரூபா என்று வர்த்தமானி அறிவித்தல் மூலம் வரியை ஏற்றவும் இறக்கவும் அமைச்சருக்கு அது இடமளித்தது. பண்டிகை வந்தால் வரி இறங்கும். அறுவடை வந்து கமக்காரர் சத்தம் போட்டால் வரி ஏறும். மாத்தளை, அநுராதபுரம் மாவட்டங்களில் சிறுபோகப் பெரிய வெங்காயம் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை சந்தைக்கு வருகிறது. வரி ஏறப்போகிறது என்ற கதை அடிபட்டால், பெரிய வியாபாரிகள் அதற்கு முன்பே சரக்கை இறக்கிக் களஞ்சியத்தில் நிரப்பிவிடுகிறார்கள் என்பது கமக்காரரின் பழைய முறைப்பாடு. அப்போது ஏறிய வரி கமக்காரனையும் காப்பதில்லை, விலையையும் இறக்குவதில்லை. பழைய வரிக்கு இறக்கியதைப் புதிய விலைக்கு விற்பவருக்கு மட்டும் அது இலாபம். பம்பாய் வெங்காயம் மலிந்தால் நம் சின்ன வெங்காயத்தின் விலையும் கூடவே இறங்கும். என் மாணவனின் தந்தை நட்டப்பட்டது அப்படித்தான்.

வெளிநாட்டின் முடிவும் நம் சட்டிக்குள் விழும். 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. தன் நகரங்களில் விலை ஏறக்கூடாது என்பது அந்த அரசாங்கத்தின் எண்ணம். இங்கே சில நாட்களிலேயே விலை பாய்ந்தது. 2024 ஏப்பிரலில் இலங்கைக்கு 10,000 தொன் மட்டும் அனுப்ப விசேட அனுமதி கிடைத்தது. மே மாதத்தில் தடை நீக்கப்பட்டபோதும் 40 வீத ஏற்றுமதி வரி இருந்தது. இந்தத் தடையை எதிர்த்து முதலில் வீதிக்கு இறங்கியவர்கள் யார் தெரியுமா? மகாராஷ்டிராவில் நாசிக் பகுதி வெங்காயக் கமக்காரர்கள். நம் மாணவன் இந்திய வெங்காயத்தை நிறுத்தச் சொல்கிறான்; நாசிக்கில் அவன் வயதுப் பிள்ளையின் தந்தை அதை அனுப்ப விடுங்கள் என்று கத்துகிறார். இருவருக்கும் ஒரே நோய்தான்.

உரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே கண்டவர்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஆயத்தமில்லாமல் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அது தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் கெட்டுவிட்டிருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. டொலர் தட்டுப்பாடும் ரூபாவின் வீழ்ச்சியும் அதற்குப் பெரிய காரணங்கள். உரம் மட்டும் என்று எழுதினால் புள்ளி குறையும்.

ஆட்கள் பற்றிய கொள்கை இன்று வேறு வடிவில் வருகிறது. அன்று ஆட்களைக் கொண்டுவந்தார்கள், பிறகு அனுப்பினார்கள். இன்று நாமாகவே போகிறோம். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். அவர்கள் அனுப்பும் காசில்தான் நாடு பருப்பும் எரிபொருளும் வாங்குகிறது, ஆகவே போகாதே என்று சொல்ல எவருக்கும் வாயில்லை. ஆனால் நெல்லுக்கு வெட்டு மெசின் வந்ததுபோல வெங்காயம் கிண்டவும் மிளகாய்ப்பழம் பிடுங்கவும் மெசின் நம் ஊருக்கு வரவில்லை. அதற்குக் கை வேண்டும். கைக்கு ஆள் இல்லாவிட்டால் கூலி ஏறும். கூலி ஏறினால் விலை ஏறவேண்டும். விலை ஏறுமுன் துறைமுகத்தில் சரக்கு இறங்கிவிடும். கூலி ஏறுவதை நான் குறை சொல்லவில்லை. குறைந்த கூலியில் கட்டிய வீட்டில் வளர்ந்தவன் அதைச் சொல்லக்கூடாது.

அரசாங்கம் செய்யக்கூடியது பெரிய வித்தை அல்ல. ஒவ்வொரு போகத்துக்கும் விதைப்புக்கு முன்பே அறுவடை மாதங்களின் இறக்குமதி வரியை அறிவித்து, அதை இடையில் மாற்றாமல் இருக்கலாம். வெங்காயத்தை இரண்டு மூன்று மாதம் பழுதின்றி வைக்கக் கமக்காரர் சங்கங்களுக்குக் களஞ்சியம் கட்டிக்கொடுக்கலாம். விலை கூடும் மாதங்களில் மேசனின் வீட்டுக்கும் லயத்துக்கும் நேரடியாக உதவிப் பணம் கொடுக்கலாம். அதற்காகக் கமக்காரனின் விலையை விழுத்தவேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு மலையக மக்களின் குடியுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் லயத்தில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு பாத்தி வெங்காயம் வைக்கச் சொந்த மண் இன்னும் இல்லை. காணி கொடுப்பதும் உணவுக் கொள்கைதான் என்று நான் நினைக்கிறேன். வகுப்பில் இதைச் சொன்னபோது, இது எந்த அலகில் வருகிறது சேர் என்று ஒருத்தி கேட்டாள்.

கொப்பிகளைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன். தடை வேண்டும் என்றே எழுதலாம். ஆனால் எந்த மாதத்தில், எவ்வளவு காலத்துக்கு, அந்த மாதங்களில் வாங்கிச் சாப்பிடுபவர் என்ன செய்வார் என்பதையும் எழுதவேண்டும் என்றேன். மேசனின் மகள் அடுத்த நாளே கொண்டுவந்துவிட்டாள். தடை வேண்டும், ஆனால் இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தாள். வெங்காயக்காரரின் மகன் இன்னும் தரவில்லை. தகப்பனிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறானாம்.