படத்தில் விழாதவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு பெண்பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பினால் கோயிலுக்குப் போகிறாள் என்று சொல்லலாம். காய்கறி வாங்கப் போகிறாள் என்று சொல்லலாம். "போர்டு பார்க்கப் போயிருக்கிறாள்" என்று என் அம்மா அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டுமே!

போர்டு என்றால் கடை வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகைதான், வாசகிகளே. வேறு விபரீதம் ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாக என்னைப் பிடித்திருக்கும் பைத்தியம் இது. சென்னைப் பட்டணத்தில் ஏதாவது ஒரு பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குவது, கால் போன போக்கில் நடப்பது, பழைய எழுத்து கண்ணில் பட்டால் நின்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது. பத்துப் பைசா செலவில்லை. செருப்புத்தான் தேயும்.

இதில் என்ன ஸ்வாரஸ்யம் என்று கேட்கிறீர்களா? ஒரு போர்டைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம், தெரியுமோ? உங்கள் தெருவிலேயே சோதித்துப் பாருங்கள். முதலில் 'லை', 'னை' என்ற எழுத்துக்களைத் தேடுங்கள். இப்போது நாம் முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு போட்டுப் பிறகு லகரம் எழுதுகிறோம் அல்லவா? முன்பு அப்படியில்லை. எழுத்தின் தலையிலேயே யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல ஒரு வளைவு இருக்கும். ணை, லை, ளை, னை ஆகிய நான்குக்கும் இந்தத் தும்பிக்கை உண்டு. ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடேயே சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியார் 1935-லேயே 'குடி அரசு' பத்திரிகையில் இவற்றை மாற்றி அச்சிட ஆரம்பித்துவிட்டார். அரசாங்கம் உத்தரவு போட்டு ஏற்றுக்கொண்டது 1978-ல். ஆகவே தும்பிக்கை வைத்த போர்டு பெரும்பாலும் அதற்கு முந்தியது. 'பெரும்பாலும்' என்று ஏன் சொல்கிறேன் என்றால், கை பழகிப்போன பெயிண்டர் அரசாங்க உத்தரவைப் படித்துவிட்டா பிரஷ்ஷைத் தோய்க்கிறார்? என் அம்மாவே இன்றைக்கும் மளிகைச் சீட்டில் கடலைப் பருப்புக்குத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுகிறாள்.

அடுத்தபடி விலாசத்தைப் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டு 15-ஆம் தேதி. அதற்கு முன் மயிலாப்பூர் என்றால் சென்னை-4, திருவல்லிக்கேணி என்றால் சென்னை-5, தியாகராய நகர் என்றால் சென்னை-17. 600004, 600005, 600017 என்று புது எண்ணின் வாலில் பழைய எண் அப்படியே குந்தியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஆங்கில எழுத்தில் 'மெட்ராஸ்' என்று இருந்தால் அது 1996-க்கு முந்தியதாக இருக்கும். தமிழில் எப்போதும் சென்னையாக இருந்த ஊர் அந்த வருஷந்தான் ஆங்கிலத்திலும் சென்னை ஆயிற்று. தொலைபேசி எண்ணுக்கு ஆறே இலக்கம் இருந்தால் அதற்கு ஒரு கும்பிடு போடுங்கள். இப்போது எட்டு இலக்கம் ஆகிவிட்டது.

நான் எடுத்தவற்றில் வயதில் மூத்தது கடைப் பலகை அல்ல, ஒரு தூண். பாரிமுனையில் பாரி கட்டடத்தின் பக்கத்தில் நிற்கிறது. கோட்டைக்கு எதிரே இருந்த வெளியின் எல்லை இதுவென்று 1773 ஜனவரி முதல் தேதியைப் போட்டுக் கும்பினியார் நட்ட ஆறு தூண்களில் எஞ்சியது அது ஒன்றுதான். அதைத் தாண்டித் தினமும் எத்தனை ஆயிரம் பேர் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள்! நானும் பத்து வருஷம் ஓடியவள்தான்.

வீட்டுக்கு வந்து அன்றைய அறுவடையை அம்மாவிடம் காட்டுவேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். கடைசியில் கேட்பது ஒரே கேள்வி: "இதிலே மனுஷங்க ஒருத்தரையும் காணோமே?"

என் தாத்தாவிடம் அக்பா கிளிக் மூன்று என்ற காமிரா இருந்தது. கறுப்புப் பெட்டி. வெயிலா, மேகமா என்று பார்த்து ஒரு முள்ளைத் தள்ளவேண்டும், அவ்வளவுதான் வித்தை. சுருளுக்குப் பன்னிரண்டே படம். வருஷத்துக்கு இரண்டு சுருள் வாங்கினால் அதுவே ஊதாரித்தனம். பன்னிரண்டிலும் தாத்தா மனிதர்களைத்தான் எடுத்தார். அத்தை நிற்கிறாள், சித்தப்பா மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார், யாரோ ஒரு குழந்தை அழுகிறது. அத்தை விறைப்பாக நிற்கும் ஒரு படத்தில் அவளுக்குப் பின்னால் மூர் மார்க்கெட். 1985-ல் எரிந்துபோன அதே மூர் மார்க்கெட்தான். அந்தப் படத்தைக் கண்டதும் நான் துள்ளிக் குதித்து, அத்தையின் தோளுக்கு மேலே தெரிந்த வளைவுகளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். "அத்தை எவ்வளவு அழகாயிருக்கா பாரு" என்றாள் அம்மா. நான் அத்தையைப் பார்க்கவே இல்லை.

இந்த வாரம் உங்களிடம் சொல்ல வந்த சமாசாரம் வேறு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருஷம் ஒரு ஞாயிறு, பைக்ராப்ட்ஸ் ரோட்டு நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துவிட்டுத் திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் நுழைந்தேன். பைக்ராப்ட்ஸ் ரோடு பாரதி சாலையாகி வெகுகாலம் ஆயிற்று. ஆட்டோக்காரர்கள்கூட இரண்டு பெயரையும் சொல்கிறார்கள். சந்தில் ஒரு தையற்கடை. கடை என்ன, ஒரு படிக்கட்டின் அடியில் மிஷினும் ஸ்டூலும் போட இடம், அவ்வளவே. மேலே தகரப் பலகை. பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து. 'தையல் நிலையம்' என்பதிலும் தும்பிக்கை, 'சென்னை-5' என்பதிலும் தும்பிக்கை. பெயிண்ட் உரியாமல் முழுசாக இருந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது போங்கள்!

மிஷினில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை. கத்திரிப்பூக் கலரில் யாருடைய ஜாக்கெட்டோ ஊசிக்கு அடியில் கிடந்தது.

"பாய், போர்டை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடும்மா." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "நான் எழுந்துக்கணுமா?"

அவர் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. "எழுந்துக்க வேண்டாம் பாய், கொஞ்சம் தள்ளிக்குங்க, போர்டு மறைக்குது" என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார். நான் எட்டுப் படம் எடுத்தேன். நன்றி சொன்னேன். "நம்ம வாப்பா எழுதவச்ச போர்டும்மா" என்றார். அதையும் குறித்துக்கொண்டு வந்தேன்.

சென்ற மாதம் மறுபடி அந்தப் பக்கம் போனபோது சந்தில் வானம் தெரிந்தது. கட்டடத்தையே காணோம். எதிர் டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பாய் தவறிட்டாரும்மா, ரம்ஜான் முடிஞ்சு பத்தாம் நாள். கடையை இடிச்சு ஒரு மாசம் ஆச்சு. போர்டைக் காயலான் கடைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நீங்கதானே அன்னிக்குப் போட்டோ எடுத்தது? பாய் வீட்டம்மா எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. கடையிலே உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம்கூட இல்லியாம்."

டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே செல்போனில் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எனக்கு வியர்த்தது.

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரக் காப்டன் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படம் பிடித்தார். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர் அவர். படங்கள் பிரமாதமானவை. ஆனால் எத்தனையோ படங்களில் ஈ காக்கை கிடையாது! ஜனங்கள் நிறைந்த கோயிலாயிற்றே, எல்லாரும் எங்கே போனார்கள்? அந்தக் காலத்தில் மெழுகு தடவின காகிதத்தில் படம் பதியவேண்டும். வெளிச்சம் விழ வெகுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். கல் நிற்கும், பதியும். நடந்து போகிற மனிதர் பதியமாட்டார். காப்டனுக்கு அந்தச் சாக்கு உண்டு. கண்ணிமைக்கும் நேரத்தில் படம் எடுக்கும் செல்போனை வைத்துக்கொண்டு, மனிதரைத் தள்ளிப் போகச் சொன்ன எனக்கு?

எட்டுப் படத்தில் ஏழு சுத்தமான போர்டு. எட்டாவது கொஞ்சம் சாய்ந்து போயிருந்ததால் நான் அதை ஒதுக்கி வைத்திருந்தேன். அழிக்க மறந்த படம். அதன் இடது மூலையில் மிஷின் பலகையின் ஓரமும், அதன்மேல் ஒரு கையும் விழுந்திருந்தன. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. தள்ளி உட்கார்ந்தவர் துணி பறந்துவிடாமல் ஒரு கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் பாய்.

இதைக் கொண்டுபோய்க் காட்டுவதா? பேசாமல் டீக்காசைக் கொடுத்துவிட்டு நழுவிவிடலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன். டீக்கடைக்காரர் விடவில்லை. பையனைத் துணைக்கு அனுப்பிப் பின்சந்தில் வீட்டைக் காட்டிவிட்டார்.

ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் பாய் விரித்து அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் வேறு ஏதோ கடைச் சட்டை. காலேஜில் படிக்கும் பேரன் கதவைத் திறந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, நான் போர்டைத்தான் எடுத்தேன். அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிட்டேன். கை மட்டுந்தான் இருக்கு" என்று சொல்லிச் செல்போனை நீட்டினேன்.

பேரன் விரலால் அகட்டிப் படத்தைப் பெரிதாக்கினான். பச்சைப் பலகை மேலே நகர்ந்து மறைந்தது. கை வந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நகத்தைப் பாருடா" என்றார் பேரனிடம். ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக இருந்தது. நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. "உங்கம்மா பொறந்த வருஷம் மிஷின் ஊசி ஏறினது. ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்னுட்டார், ரம்ஜான் ஆர்டர் இருக்குன்னு."

பிறகு இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தார். சட்டைக்கையின் முனையில், மணிக்கட்டில், பட்டன் தெரிந்தது. பட்டனைச் சுற்றி நெருக்கமாக நூல் ஓடியிருப்பது தெரிந்தது.

"இந்தக் காஜா நான் எடுத்தது" என்றார்.

காஜா என்றால் பட்டன் துளை, உங்களுக்குத் தெரியும். கடைக்கு வரும் சட்டைக்கெல்லாம் காஜாவும் ஜாக்கெட்டுக்கெல்லாம் கொக்கியும் நாற்பது வருஷமாக அந்த அம்மாள்தான் வீட்டில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். ஊருக்குத் தைத்த காஜாவுக்குக் கணக்கு உண்டாம், அவர் சட்டைக்கு மட்டும் ஒரு சுற்று நூல் அதிகம் ஓட்டுவாராம். எண்ணிப் பாருங்கள் என்று என்னிடமே செல்போனைக் கொடுத்தார். எண்ண முடியாதபடி எனக்குக் கண் மங்கிவிட்டது.

போர்டு முழுதும் நன்றாகத் தெரிகிற படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டித் தருகிறேன் என்றேன். மாமனார் எழுதவைத்த பலகையாயிற்றே! அந்த அம்மாள் தலையை ஆட்டினார்.

"போர்டு வேணாம்மா. அதை எடுத்துட்டுக் கையை மட்டும் பெரிசாப் போட்டுக் குடு."

மறுநாளே ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். மேலே தேடினார், பக்கத்தில் தேடினார்.

"மேடம், முகம் விட்டுப்போச்சே?" என்றார்.

"ஆமாம், விட்டுத்தான் போச்சு. கை வரைக்கும் போடுங்கள்" என்றேன்.